கோவிந்தராசு வாங்கிய ரீல்

வீராம்பட்டினத்துக் கோவிந்தராசு யாரையும் நம்பமாட்டான். கடற்கரை ஏலத்தில் இருபது வருஷம் மீன் விற்றவனுக்கு அது தொழிலோடு ஒட்டிக்கொண்ட வியாதி. கூடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவள்தான் அந்த மீனை எடுத்துப் போவாள். நல்ல மீன் என்று வாயாரப் புகழ்கிறவள் நகர்ந்துவிடுவாள். அதனால் யார் எதைச் சொன்னாலும் அவன் அதைத் திருப்பிப் போட்டுத்தான் புரிந்துகொள்வான்.

அப்படிப்பட்டவனை நெல்லித்தோப்பில் ஒரு தூண்டில் கடைக்குக் கூட்டிப்போனான் ராஜா. ராஜா கோவிந்தராசுவின் பெண்டாட்டி மேனகாவின் தம்பி, அவன் படகிலேயே இன்ஜின் பார்க்கிறவன், அஞ்சு வயசில் கவிநிலா என்று தாயில்லாத ஒரு மகள் இருக்கிறாள். கடைக்குப் போனதற்குக் காரணம் நாராயணசாமி முசே. ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசே. பிரான்ஸில் வேலை பார்த்துத் திரும்பிவந்து விடுதி நடத்துகிற அவர், விருந்தாளிகளைப் பெரிய மீன் பிடிக்க அழைத்துப்போக ஒரு படகு தேடினார். ஞாயிற்றுக்கிழமை தானே ஏறிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். தூண்டில் கம்பான ராடும், தூண்டில் நரம்பு சுற்றுகிற ரீலும் படகுக்காரனுடையதாக இருக்கவேண்டும்.

முசேவுக்குத் திருப்தியானால் சீசன் முழுக்க வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் மங்களூர் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகவேண்டும். எட்டு மாதம் மேனகாவைப் போனில்தான் பார்க்கலாம். போன தடவை பஸ் ஏறும்போது அழுதது மேனகா இல்லை, கோவிந்தராசுதான்.

கடைக்காரி சரிதாவுக்கு நாற்பது வயசிருக்கும். கோவிந்தராசு உள்ளே போனதும் இருக்கிறதிலேயே பளபளப்பான ராடைக் கையில் எடுத்தான். அவள் அதை மெல்ல வாங்கித் திரும்ப மாட்டினாள்.

"அது வேணாண்ணா. ராடு சுமாரா இருந்தாலும் ஓடிடும். கைல இருக்கற காச ரீலுல போடுங்க. இதப் பாருங்க, ஒருத்தர் ஊருக்குப் போவும்போது குடுத்துட்டுப் போனாரு. பழசுதான், ஆனா உள்ள உப்பு ஏறல. நானே கழட்டிப் பாத்தேன்."

விலை கூடியதை வேண்டாம் என்கிற கடைக்காரியை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பழசைத் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று தெரிந்துவிட்டது. ராஜா வேறு 'அக்கா, அக்கா' என்று குழைந்துகொண்டிருந்தான். கேட்காமலே அவனுக்கு டீ வந்தது. இவனுக்கு இதில் எவ்வளவு கமிஷன் என்று கோவிந்தராசுவின் மனசைச் சந்தேகம் போட்டு அரித்தது.

ரீலில் சுற்றியிருந்த நரம்பு தையல் நூல் அளவுக்கு இருந்தது. அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுத்தான். ரீல் கிர்ரென்று சத்தம் போட்டு நரம்பை விட்டது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவனுக்கு.

"வழுக்குது. உள்ள தேஞ்சிபோயிருக்கு."

சரிதா சிரித்துவிட்டாள். "தேயலண்ணா. அதுதான் டிராக்கு. பெரிய மீனு முரட்டுத்தனமா இழுத்தா ரீலு தானா நரம்ப வுடணும், மீனு களைச்சதும் சுத்திக்கலாம். நரம்பு இருவது கிலோ தாங்கும். ஆறு கிலோ இழுவைக்கே வுடற மாதிரி தராசு மாட்டிப் பாத்து வெச்சிருக்கேன். இந்தத் திருக மட்டும் தொடாதீங்க."

தொடாதீங்க என்றாளே, அது போதாதா இவனுக்கு!

கைத்தூண்டிலில் வளர்ந்தவன் அவன். அங்கே நரம்பை விடுவதும் பிடிப்பதும் கையின் வேலை. எப்போது விடுவது என்று விரலுக்குத் தெரியும். அவன் விரல்களில் இருக்கும் வெட்டுக்காயத் தழும்புகள் எல்லாம் அதைக் கற்றுக்கொண்டபோது வந்தவை. கயிறு தன்பாட்டுக்கு ஓடினால் முடிச்சு நழுவிவிட்டது என்றுதான் அர்த்தம். ரீலே மீனுக்கு விட்டுக்கொடுக்கும் என்பதை அவனால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. வேறு கடைகளில் விலை கட்டுப்படியாகாததால் வாயை மூடிக்கொண்டு வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முசே கரையில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கோவிந்தராசு அந்தத் திருகை இறுக்கினான். இனி நகராது என்கிற வரைக்கும் இறுக்கினான். ராஜா பார்த்துவிட்டான்.

"அக்கா தொட வேணாம்னு சொல்லிச்சே மாமா."

"உன் அக்கா என் வூட்ல இருக்கா. நீ இன்ஜினப் பாரு."

கரை மறைந்து ஒரு மணி நேரம் ஆனது. பின்னால் இழுத்துவந்த பிளாஸ்டிக் மீனை ஏதோ கவ்வியது. முசே கையிலிருந்த ராடு வளைந்தது. தூரத்தில் ஒரு மயில்மீன் முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு ஆளுயரத்துக்கு எழும்பியது. "ஐயோ, இன்னா மீனு!" என்று கோவிந்தராசு தன்னை மறந்து கத்தினான். மீன் தண்ணீரில் விழுந்து ஒரே ஓட்டமாக ஓடியது. ரீல் ஒரு விரல்கூட விடவில்லை. பட்டென்று நரம்பு அறுந்தது, முசே பின்பக்கமாக விழுந்தார்.

எழுந்தவர் முதலில் ரீலைத்தான் பார்த்தார். திருகைத் திருப்ப முயன்று, முடியாமல் நிமிர்ந்தார்.

"இத யாரு இப்படி இறுக்குனது? நரம்பு விருந்தாளி கையில சுத்தியிருந்தா விரலு போயிருக்கும்!"

கோவிந்தராசுவுக்கு மங்களூர் பஸ் கண்முன்னால் வந்து நின்றது.

"ராஜாதான் முசே," என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. இன்ஜின் பக்கத்தில் இருந்த ராஜா அவனை நிமிர்ந்து பார்த்தான். பிறகு முசேயிடம் திரும்பினான்.

"ஆமா முசே. தெரியாம திருகிட்டேன்."

முசே குறடு போட்டுத் திருகைத் தளர்த்தி, வேறு முள் கட்டினார். திரும்பும் வழியில் பெரிய பாரை ஒன்று விழுந்தது. அது இழுத்தபோதெல்லாம் ரீல் கிர்ரென்று விட்டது, நின்றபோதெல்லாம் அவர் சுற்றினார். கால் மணி நேரத்தில் மீன் படகுக்குள் கிடந்தது. நெல்லித்தோப்பில் அந்தப் பொம்பளை சொன்னது அத்தனையும் நிஜம். அதைப் பார்க்கப் பார்க்கக் கோவிந்தராசுவுக்கு அவமானமாக இருந்தது.

கரையில் இறங்கியதும் முசே அவன் கையைக் குலுக்கினார். "மீனு இருக்கற இடம் உங்களுக்குத் தெரியுது. சீசன் பூரா நீங்கதான். சாமானும் நல்ல சாமான். ஆனா அந்த ஆளு இனிமே படகுல ஏறக்கூடாது."

உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. கோவிந்தராசு தலையை ஆட்டினான்.

படகு வேலை போன ராஜா அடுத்த வாரம் மங்களூருக்குக் கூலிக்குக் கிளம்பினான். அந்த ஏழு நாளும் கோவிந்தராசு அவனை வேவு பார்க்காத குறை. மேனகாவிடம் சொல்லியிருப்பானா? தெருவில் சொல்லியிருப்பானா? பங்கு கேட்பானா? யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேனகா தம்பியைத்தான் திட்டினாள். "உனக்கு எதுக்குடா அந்தத் திருகு?" என்றாள். ராஜா சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டான். கமிஷன் கணக்குப் போட்ட கோவிந்தராசுவின் புத்தி இதற்கும் ஒரு கணக்குத் தேடிப் பார்த்தது. அக்கா புருஷன் ஊரில் இருக்கட்டும் என்பதைத் தவிர அதில் வேறு எதுவுமே இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ராஜா பையை மேலே போட்டுவிட்டு இறங்கிவந்தான். இப்போதாவது நறுக்கென்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவான் என்று கோவிந்தராசு காத்திருந்தான். கேட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

ராஜா இடுப்பிலிருந்த கவிநிலாவை அவனிடம் நீட்டினான்.

"ராத்திரில என்னக் கேட்டு அழுவா மாமா. நீதான் பாத்துக்கணும். உன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்."

குழந்தை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பஸ் கிளம்பியது. கோவிந்தராசு அதன் சின்னக் கையை எடுத்து அப்பாவுக்கு டாட்டா காட்டினான்; பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் தான் மட்டும் ராஜாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.