புள்ளிகள் எழாத திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு சபீனா விரல்களை வைத்தபோது பிரெயில் பட்டை மொழுமொழுவென்று கிடந்தது. கம்ப்யூட்டர் திரையில் வரும் ஒவ்வொரு வரியும் அதில் புள்ளிகளாக எழும்ப வேண்டும். பிறவியிலேயே பார்வையில்லாத அவள், தார்நாகாவிலுள்ள அந்த ஆபீசில் ஆறு வருடமாக அதைத் தடவித்தான் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் அறிக்கைகளைத் திருத்துகிறாள். ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். ஊதிப் பார்த்தாள். பேருக்கு ஒரு புள்ளி எழவேண்டுமே, ஊஹூம். சனி, ஞாயிறில் எல்லா மெஷினிலும் புது சிஸ்டம் ஏற்றியிருந்தார்கள்.

சிஸ்டம் பார்க்கும் முரளி வந்தான். கோயம்புத்தூர்க்காரன், தங்கமான மனுஷன். எப்போதும் அவளுக்கு இடது பக்கம் நின்றுதான் பேசுவான். அப்படி நிற்கும்படி மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டது சபீனாவின் சாமர்த்தியம் என்பது பாவம், அவனுக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் மல்லாடினான்.

"புது சிஸ்டத்துக்கு இந்தப் பட்டைய ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேரே இன்னும் வரலீங்க்கா. திரையப் படிச்சுச் சொல்ற ரீடர் ஒண்ணு சிஸ்டமே சொந்தமா வச்சிருக்குதுங்க. அது பட்டைய இழுத்துப் புடிச்சுக்கிட்டு உங்க ரீடருக்கு விடமாட்டேங்குது."

"பழசையே போட்டுடுங்களேன்."

"கம்ப்யூட்டர் செக்யூரிட்டி பாக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க. டிரைவர் வர ரெண்டு மாசமாகும்ங்கறாங்க." பிறகு ஆறுதலாக, "வாய்ஸ் நல்லா வேலை செய்யுதுங்களே. அதுவரைக்கும் ஹெட்போன்ல கேட்டுக்குங்க" என்றான்.

அங்கேதான் சங்கதி. இரண்டு வருடமாகவே அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது; இடது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம். மெட்டுகுடா வீட்டில் அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. கண் தெரியாதவளுக்கு வேலை கொடுத்ததையே ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் ஆபீஸ், காதும் கேட்காதவளை வைத்துக்கொள்ளுமா? மூன்று வாரம் முன்னால் முரளி புது சிஸ்டம் போட்ட ஒரு லேப்டாப்பை ஹெட்போனோடு கொண்டுவந்து, சோதித்துச் சொல்லுங்கள் என்றான். பட்டையையும் செருகிப் பார்ப்போம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், குரல் போதாதா என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, காதில் ஏதோ இரைந்ததைக் கேட்டுத் தலையாட்டினாள். "எல்லாம் ஓகேங்களா?" "ஹவ், ஆமா, எல்லாம் ஓகே." சோதனை முடிவு எழுதும் பாரத்தில் டிக் விழுந்தது. அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அவள் மெஷினையாவது விட்டு வைத்திருப்பார்கள். இப்போது யாரை நொந்துகொள்வது?

முரளி போனதும் ஹெட்போனை மாட்டினாள். தலையணைக்கு அடியிலிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. முதல் அறிக்கை ஓர் இருதய நோயாளியுடையது. மாத்திரை அளவு வரும் வரியை ஏழு முறை ஓட விட்டாள். பிடிபடவில்லை. அப்படியே அனுப்பிவிடலாம்தான், மாலை வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. தப்பு வந்தால் சிஸ்டத்தின் தலையில் போடலாம். ஆனால் முகம் தெரியாத யாரோ ஒரு மனிதர் அந்த மாத்திரையை விழுங்குவாரே. யா அல்லா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அனுப்பும் விசையிலிருந்து விரலை எடுத்தாள். முரளியை மறுபடி வரச் சொன்னாள்.

"அந்த பாரத்துல நான் பொய் சொல்லிட்டேன், முரளி. வாய்ஸ் எனக்குக் கேக்கறதில்ல. காது போயிட்டே இருக்கு. பட்டை இல்லன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல."

அவன் ஏதோ சொன்னான். பக்கத்து மேஜைக்காரர்களுக்கு விஷயம் போகக்கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டான் போலிருக்கிறது. அந்த நல்ல மனசால் ஒரு சொல்கூட அவளுக்கு எட்டவில்லை.

"கேக்கல."

மறுபடி சொன்னான். மூச்சுக்காற்று மட்டும் காதில் பட்டது. பிறகு தயங்கித் தயங்கி அவள் கையை எடுத்து விரித்து, உள்ளங்கையில் விரலால் எழுதத் தொடங்கினான். ஒரு கோடு. ஒரு வளைவு. மறுபடி ஒரு கோடு. அச்செழுத்து எப்படியிருக்கும் என்று அவள் கண்டதில்லை, படித்ததெல்லாம் பிரெயில்தான். அவசரத்தில் அது அவனுக்குத் தோன்றவில்லை. வேலை போய்விடும் என்கிறானா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறானா? அவன் விரல் நின்று, யோசித்து, அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது. சபீனா கையை மூடவில்லை.