டுவெயினுக்கு ஒரு கையெழுத்து

ஜனவரி பிறந்துவிட்டால் போதும், என் தம்பி டுவெயினுக்கு அக்கா ஞாபகம் வந்துவிடும். பாசமா? மண்ணாங்கட்டி. எல்லாம் வருமான வரிக்காக. அம்மா வீட்டு வாடகையை அவன் கட்டுகிறான். மருந்துச் செலவு சின்னவன் கிளென் பொறுப்பு. இருவரில் யார் பங்கும் அம்மாவின் செலவில் பாதியைத் தொடுவதில்லை. அதனால் ஒருவன் மட்டும் 'அம்மா என் பராமரிப்பில் இருக்கிறாள்' என்று கணக்குக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வருடாவருடம் நானும் போட்டுக் கொடுத்தேன்.

நானா? அம்மாவைக் குளிப்பாட்டுகிறேன், துடைக்கிறேன், ஊட்டுகிறேன், தூக்குகிறேன். இதற்காகவே பள்ளிக்கூட கேண்டீன் வேலையை அரை நாளாக்கிக்கொண்டேன். நோகாமல் நுங்கு தின்கிற டுவெயின் அரிஸோனா வெயிலில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறான். நான் ஒஹாயோவில் அம்மா வீட்டிலேயே தங்கி, வாசல் பனி உருக உப்புத் தூவிக்கொண்டிருக்கிறேன்.

தூக்கித் தூக்கி எனக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது. மார்ச்சில் ஆபரேஷன். "ஆறு வாரத்துக்கு ஒரு கேலன் பால் கேனைவிட கனமா எதையும் தொடக்கூடாது மார்லீன்" என்றார் டாக்டர். அம்மாவை யார் தூக்குவது? ஆள் வைக்க வசதியில்லை. கிளெனுக்கு முதுகே நிமிராது. மிச்சம் டுவெயின்தான். இந்தத் தடவை அவன் குடுமி என் கையில் என்று நினைத்துக்கொண்டேன்.

போன் வந்தது. ஒரு கையில் அம்மாவுக்கான ஓட்ஸ் கிண்ணம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மார்லீ, அந்தப் பேப்பரை அனுப்பறேன். வழக்கம்போல போட்டுடு."

"போடறேன். ஒரு கண்டிஷன். மார்ச்ல ஆறு வாரம் நீ இங்க வந்து அம்மாவைப் பாத்துக்கணும்."

"ஆறு வாரமா! விளையாடறியா?"

"வயித்தைக் கிழிக்கப் போறாங்கடா. விளையாட்டா இது? வந்தா கையெழுத்து, வரலைன்னா கிடையாது."

"யோசிச்சுட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்தான்.

மடக்கிவிட்டேன்! அம்மாவின் வாயைத் துடைத்தபடியே, அவன் எந்த அறையில் படுப்பான், எந்தப் போர்வையை எடுத்துக் கொடுப்பது என்றெல்லாம் திட்டம் போட ஆரம்பித்தேன். அம்மா சாப்பிட்டு முடிப்பதற்குள் திரும்பக் கூப்பிட்டான். குரலில் ஒரு தெம்பு.

"என் ஆடிட்டரைக் கேட்டேன். உன் கையெழுத்தே தேவையில்லையாம். கிளென் போட்டா போதுமாம்."

"என்னடா சொல்ற? இத்தனை வருஷம் போட்டேனே!"

"அப்ப முழுநேரம் வேலை பாத்த, மளிகையெல்லாம் நீ வாங்கின. இப்ப நீ குடுக்கறது பத்துல ஒரு பங்குகூட தேறல. அப்படிப்பட்டவங்க போட வேண்டியதில்லையாம்."

"நான் செய்யறதெல்லாம்?"

"காசுன்னாதான் கணக்காம். உடம்பு உழைப்பு அதுல வராதாம். சட்டத்தை நானா எழுதினேன்? நீயும்தானே அந்த வீட்ல வாடகை குடுக்காம இருக்க."

வாயில் வந்த அத்தனை கெட்ட வார்த்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், பாவி. திட்டித் தீர்ந்ததும் எனக்கு அழுகைதான் மிஞ்சியது.

"கையெழுத்தை விடுடா. சும்மா வா. எனக்காக வாயேன்."

"பாக்கலாம் மார்லீ."

அவனுடைய 'பாக்கலாம்' எனக்குத் தெரியும். அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னான், வரவேயில்லை.

காது மந்தமான அம்மா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். "டுவெயினா பேசினது? பாவம், அவன்தான் என்னை வச்சுக் காப்பாத்தறான்."

"ஆமாம்மா."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பேசி மார்ச் தேதியை ரத்து செய்தேன். எடுத்த பெண் நல்ல பெண். "பரவால்லைங்க, வேற எப்ப வச்சுக்கலாம், சொல்லுங்க" என்றாள்.

அம்மா செத்த பிறகு என்று ஒரு அந்நியப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"நானே கூப்பிடறேன்" என்று வைத்தேன். அம்மா பாத்ரூமிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போய் அவள் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன்.