மூக்குத்திப்பூ எல்லையம்மா

சர்வேக்காரர்கள் எல்லைக் கல்லை நட்டுவிட்டுப் போன மறுநாள் தாட்சாயணி அதைப் போய்ப் பார்த்தாள். முழங்கால் உயரம்கூட இல்லை. இத்தனூண்டு கல்லா நம் கல்யாணத்தை நிறுத்தியது என்று ஆத்திரமாக வந்தது. மாநிலங்களைப் பிரித்ததில், பிச்சாட்டூருக்குக் கிழக்கே, ஓடைக்கு இந்தப் பக்கம் ஆந்திரா, அந்தப் பக்கம் மதராஸ் என்று முடிவாகியிருந்தது. அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில், அவளுக்குப் பேசிவைத்திருந்த சம்பத்தின் வீடு. பரிசம் போட நாள் பார்த்த நேரத்தில் அவள் நைனா ஆதிநாராயணன் முறுக்கிக்கொண்டார்.

“கல்லுக்கு அந்தாண்ட பொண்ணு குடுக்கமாட்டேன். பொண்ணப் பாக்க வேற ராஜ்ஜியத்துக்கா போய்க்கினு இருப்பேன்?”

தினமும் வெற்றிலைக்கு ஓடையைத் தாண்டிப் போகிற மனிதர் பேசிய பேச்சு இது. கல் நட்ட அன்று அதைப் பார்க்கக்கூடாதென்று வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடந்தார்; அது எங்கே நிற்கிறதென்றே அவருக்குத் தெரியாது.

கல்லை ஒட்டி மூக்குத்திப்பூச் செடி முழங்காலளவுக்கு மண்டியிருந்தது. ஐப்பசி மழையில் புதர் முழுக்க மஞ்சள். வாசனை கிடையாது, அதனால் யாரும் தலையில் வைப்பதில்லை; ஆடும் வாய் வைக்காது. சம்பத் மட்டும் ஒருமுறை அதில் ஒன்றைக் கிள்ளி அவள் மூக்கோரம் வைத்து, “நம்மூட்டுக்கு வந்தா தங்கத்துல போடறேன்” என்று சொல்லியிருந்தான். அது நினைவுக்கு வந்ததும் கோபம் போய் அழுகை வந்தது. மஞ்சள் அரைத்து வந்து கல்லுக்குப் பூசினாள். உச்சியில் பூவைக் குவித்து, “நீயாச்சும் மனசு வையி” என்றாள்.

நடவுக்குப் போன பெண்கள் பார்த்தார்கள். எல்லையில் கல், கல்லில் மஞ்சள், மேலே பூ, வேறென்ன வேண்டும்? எல்லையம்மா தானாக வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை பொங்கலும் வைத்துவிட்டார்கள். தாட்சாயணியும் ஒன்றும் தெரியாதவள்போல் ஒரு படி அரிசி கொண்டுவந்து போட்டாள்.

கழனிக்குப் போன ஆதிநாராயணன் பொங்கல் புகையைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, பெண்ணைப் பெற்றவர்கள் எல்லைச்சாமியிடம் வழக்கமாக வேண்டுவதையே அவரும் சத்தமாக வேண்டினார்.

“தாயே, தையில கல்யாணம் முடிச்சி, உன் முன்னால தேங்கா ஒடச்சி, உன்னத் தாண்டி பொண்ண புருசனூட்டுக்கு அனுப்பறேன்.”

கண்ணைத் திறந்தபோது, பெயிண்ட் டப்பாவோடு சர்வே ஆள் திருமலை நின்றிருந்தான்.

“ஏமய்யா, இது எங்க சர்வே ராயி, எல்லைக் கல்லு. நெம்பர் எழுதணும், கொஞ்சம் ஜரகண்டி.”

ஆதிநாராயணன் கல்லைப் பார்த்தார். அதைத் தாண்டினால் என்ன ஊர் என்று பார்த்தார். சம்பத் வீட்டுக் கூரைதான் தெரிந்தது. பொங்கல் கிளறிக்கொண்டிருந்த ரத்தினம்மா, “சாமிகிட்ட சொன்ன சொல்லு, மாமா” என்றாள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவர் வெகுநேரம் மீசையைத் தடவினார்.

“நெம்பர பின்னால எழுதுய்யா,” என்றார் கடைசியில். “முன்னால அம்மா மொகம்.”

தை மாதம் கல்யாண வண்டி கல்லருகே நின்றது. தேங்காயை உடைத்துவிட்டு, வண்டிக்கு முந்தி அவர்தான் முதலில் தாண்டினார். மூக்கில் தங்கம் மின்ன தாட்சாயணி இறங்கினாள். புதரில் மிச்சமிருந்த ஒரு பூவைக் கிள்ளி, அம்மாவுக்கு மூக்கு இருக்கவேண்டிய இடத்தில், ஈர மஞ்சளில் அழுத்தி வைத்தாள்.