பின்சந்துச் சுவர்

அந்தக் குடியிருப்பில் மொத்தம் நூற்று முப்பத்தாறு வீடுகள். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால், நேர்கோடே போடுவதில்லை என்று சபதம் எடுத்த யாரோ ஒருவர் வளைத்து வளைத்து வரைந்த தெருக்கள். வீட்டுக்கு வீடு மதில் கிடையாது. இடுப்புயரச் செடிவேலிதான். எல்லா வீடுகளின் பின்பக்கத்தையும் தொட்டுக்கொண்டு ஒரு சந்து ஓடியது. ஒரு சைக்கிள், அதைத் தள்ளுகிற ஓர் ஆள், அவ்வளவுதான் அகலம்.

குடியிருப்பின் பழைய அமைப்பைக் காக்கும் சங்கத்தின் செயலாளர் அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். "பெட்டியை ரெண்டு தெரு தள்ளி வெச்சதோட கல்யாணம் முடிஞ்சுபோச்சு" என்று கணவர் கிண்டல் செய்வார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, யார் கூரை ஓடு மாற்றினாலும், யார் வேலியைப் பிடுங்கினாலும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக் கடிதம் எழுதிவிடுவாள். கடுதாசி அக்கா என்பதே அவளுக்குப் பெயராகிப்போனது.

அந்தக் கடிதங்களில் மூன்று, கூடப்பிறந்த அண்ணனுக்கே போனவை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தன் வீட்டுக்குப் பின்னால் சந்தின் குறுக்கே இரண்டு சுவர் எழுப்பினார், இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. நடுவில் இருபது அடி சந்து அவருக்கே சொந்தமானதுபோல ஆகிவிட்டது. எதிர்ப்பக்க வீடு பூட்டிக் கிடந்ததால் கேட்க நாதியில்லை. தங்கை கேட்டாள். "அன்புடையீர்" என்று தொடங்கி, சங்க முத்திரையோடு. பதில் வரவில்லை. பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு. பேச்சு நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணி இறந்தபோதுகூட மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்று திரும்பிவிட்டாள்.

இப்போது அந்த இடத்தைப் பாரம்பரியப் பகுதியாக அறிவிப்பது பற்றி அரசு அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல். சந்து முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. சங்கத் தலைவரான பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன். அந்தச் சுவரை மட்டும் நீங்கதாம்மா பார்க்கணும்."

நாலாவது கடிதத்தை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் காலை நேரிலேயே போனாள். தெரு வழியாகச் சுற்றிப் போக முழுசாகப் பத்து நிமிஷம் ஆனது. சின்ன வயசில் சந்து வழியே இரண்டே நிமிஷம். வழியெல்லாம் அடுக்களை ஜன்னல்கள். ஒரு ஜன்னலில் தொடங்கிய ரேடியோப் பாட்டு அடுத்த ஜன்னலில் தொடரும். ஒரு வரியும் விட்டுப்போகாது. யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தது, யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை, எல்லாம் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தெரிந்துவிடும்.

கதவைத் திறந்த அண்ணன் இளைத்திருந்தார்.

"என்ன வாலு, இந்தத் தடவை கடுதாசி இல்லையா?"

அறுபத்தைந்து வயதில் வாலு என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம். கோபமாகப் பேசத் தயாராகி வந்தவள், "சுவரைப் பார்க்கணும்ணா" என்று மட்டும் சொன்னாள்.

அவர் பின்கதவைத் திறந்துவிட்டார். இரண்டு சுவர்களுக்கு நடுவே புல் முளைக்காத ஒற்றையடித் தடம். வேலி ஓரமாக, இடுப்புயரத்தில், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இரும்புக் குழாயில் கைப்பிடி. நடுவில் ஒரு பகுதி மட்டும் பெயின்ட் தேய்ந்து வெள்ளையாக மின்னியது.

"இது எதுக்கு?"

"உங்க அண்ணிக்கு. மறதி வந்துடுச்சு. சந்து வழியா போய் எங்கேயாவது நின்னுடுவா. ரெண்டு தடவை பெரிய ரோட்டுல கண்டுபிடிச்சேன். கதவைப் பூட்டினா கதவுலயே மோதிட்டு அழுவா. நடக்கணும், அவ்வளவுதான். அதான் ரெண்டு பக்கமும் அடைச்சு நடக்க விட்டேன்."

"ஏன்ணா என்கிட்ட சொல்லலை?"

"யாருக்கும் தெரிய வேண்டாம்னு அவ நினைவு இருக்கும்போதே கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டா. அப்புறம் நீ முத்திரை குத்தி அனுப்ப ஆரம்பிச்சே. எனக்கும் வீம்பு."

அண்ணி தன்னைப் பார்த்தும் பாராததுபோலப் போன நாட்களை நினைத்தாள். திமிர் என்று அல்லவா வீட்டில் வந்து சொன்னாள்! படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சுவர் இருக்கட்டும்ணா. அதிகாரிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள்.

"போடி! உன் பரிதாபத்துக்காகவா நான் காத்துக்கிட்டிருந்தேன்? நாலு பேர் போறதையும் வர்றதையும் பார்க்கத்தான் மறதி வர்றதுக்கு முன்னாடி அவ இந்தச் சந்துக்கே வருவா. அவ போனதுக்கப்புறம் இடிக்க எனக்குக் கை வரலை. நீ கூட நிக்கறேன்னா இடிச்சுடலாம்."

நின்றாள். கொத்தனார் முதல் செங்கல்லைப் பெயர்த்தபோது அண்ணன் உள்ளே போய்விட்டார். கடைசிக் கல் போகும்போது அவரே கூடையைத் தூக்கினார். அப்பால் புதராக மண்டிக்கிடந்ததை வெட்ட, பின்கதவுகளைத் திறந்துகொண்டு அக்கம்பக்கத்தார் அரிவாளோடு வந்தார்கள்.

அதிகாரி வந்தார். அளந்தார். கைப்பிடியைப் பார்த்ததும் பேனாவை நிறுத்தினார். "இது பழைய வரைபடத்துல இல்லையே. எடுத்துடணும்."

ஒரு ஜன்னல் கொக்கி மாறினால்கூட ஊரைக் கூட்டுகிறவள் முன்னால் வந்தாள். "இல்லைதான் சார். ஆனா இங்கே இருக்கறவங்களுக்கு வயசாகுது. வரைஞ்சவர் இன்னிக்கு இருந்தா அவரே வெச்சிருப்பார்."

பல் டாக்டர் வாயைப் பிளந்தார். அதிகாரி யோசித்து, ஏதோ எழுதிக்கொண்டார். ஐந்து மாதம் கழித்து அறிவிப்பு வந்தபோது, கைப்பிடியும் பட்டியலில் இருந்தது. பாரம்பரியப் பகுதியில் சேர ஒப்புக்கொள்ளாத மூன்று வீடுகள் மட்டும் விட்டுப்போயின.

அண்ணன் சங்கத்தில் சேர்ந்து, கூட்டத்துக்குக் கூட்டம் செயலாளரோடு மல்லுக்கு நிற்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டையெல்லாம் ஓய்ந்து சந்து வழியே நடந்து வரும்போது அவள் கேட்டாள்: "அந்த நாலு வருஷம் அண்ணி என்னதான்ணா பேசினாங்க?"

"நிறைய. பாதி எனக்கே புரியலை." அவர் தன் வீட்டுத் தோட்டத்துப் படியைக் கையால் தட்டிச் சுத்தம் செய்தார். "உட்காரு, சொல்றேன்."

வெயில் சுள்ளென்று ஏறும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.