நாணயம் சுண்டக் கூடாத ஊர்

மற்ற வீடுகளில் மழை வந்தால் துணி காயவில்லையே என்று கவலைப்படுவார்கள். எங்கள் வீட்டில் மழை வராவிட்டால் கவலை, வந்தால் அதைவிடப் பெரிய கவலை. என் வீட்டுக்காரர் லக்ஷ்மிநாராயணன் பகலெல்லாம் கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் பொறுப்பான உத்தியோகஸ்தர். சாயங்காலமானால் படாபஜாருக்குப் போய் மழையின் மேல் பந்தயம் கட்டுகிறவர். பந்தயம் என்றால் குதிரை, சீட்டு என்று ஏதாவது கௌரவமாகவாவது இருக்கக் கூடாதா? ஏதோ ஒரு வீட்டு மொட்டைமாடி. இன்ன நேரத்துக்குள் அந்த மாடிக் குழாயிலிருந்து மழைத் தண்ணீர் கொட்டுமா, கொட்டாதா? அவ்வளவுதான். அதற்காகப் படித்த மனிதர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சர்க்கார் இதற்குத் தடைச் சட்டம் போட்டு வெகு காலமாயிற்று. சட்டம் வந்ததும் மாடியை மாற்றிக்கொண்டார்களே தவிர, ஆட்டத்தை விடவில்லை.

பவானிபூர் வீட்டின் தாழ்வாரத்திலும் அவர் கண் மேலேதான் இருக்கும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்த்ததைவிட மேகத்தைப் பார்த்தது அதிகம்.

அதனால் கெட்டது என் பெண் ஜெயலக்ஷ்மியின் வாழ்க்கை. வைகாசியில் ஒரு வரன் பேச்சு ஆரம்பிக்கும். ஆனியில் மேகம் கூடும். இவர் பதில் எழுத மறந்துவிடுவார். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். இப்படியே பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. கும்பகோணத்தில் இருந்திருந்தால் எங்களை ஜாதியை விட்டே தள்ளி வைத்திருப்பார்கள். கல்கத்தாவில் கேட்க ஆளில்லை. அவளோ பிரம்ம சமாஜத்துப் பெண்களோடு பள்ளிக்கூடம் போய், கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் வங்காளியில்தான் பேசுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் ஆனி மாதம் மஹாதேவன் வரன் வந்தது. காளிகாட்டில் குடியிருந்த பாகீரதி மாமியின் தம்பி. சணல் சாக்கு வாங்க வந்த அமெரிக்கத் துரை ஒருவருக்குக் கணக்கு எழுதி, அவரோடேயே கப்பலேறிப் போய், திரும்பி வந்தவன். இப்போது கிளைவ் தெருவில் ஒரு கம்பெனியில் வேலை. கடல் தாண்டியவன் என்று அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. பிராயச்சித்தம் எல்லாம் முறையாக ஆகிவிட்டது என்று மாமி சொன்னாள். எங்களுக்கும் வேறு வாசல் இல்லை. இதுவும் தட்டிப்போனால் என் பெண் வீட்டோடு நின்றுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

டிராமில் அக்காவும் தம்பியும் வந்து இறங்கினார்கள். ஒல்லியான ஆள், வெயிலில் கறுத்த முகம். கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவன். தொல்லை அந்தப் பதில்களில்தான் இருந்தது.

"அமெரிக்காவிலே எந்த ஊர்?" என்று இவர் ஆரம்பித்தார்.

"லாஸ் வேகாஸ்னு ஒரு ஊர், மாமா. நெவாடாங்கிற மாகாணத்திலே."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"ஸ்பானிஷ்லே புல்வெளிகள்னு அர்த்தம்."

"பேஷ்! நல்ல பசுமையான இடம்னு சொல்லு."

"இல்லே மாமா. பாலைவனம்."

இவர் என்னைப் பார்த்தார். நான் பஜ்ஜித் தட்டைப் பார்த்தேன்.

"பழைய ஊரோ?"

"ஆறு வருஷந்தான் ஆறது. ரயில்வேக்காராளோட பொட்டல் நிலம். மனை மனையாப் பிரிச்சு, கொளுத்தற வெயில்லே ஏலம் போட்டா. ரெண்டு நாள்லே ஊர் வித்துப் போச்சு. வாங்கினவா எல்லாம் கூடாரம் அடிச்சுண்டு உட்கார்ந்துட்டா."

"ஊரை ஏலத்திலே வித்தாளா? சரி. உனக்கு அங்கே என்ன உத்தியோகம்?"

"ஐஸ் தொழிற்சாலையிலே கணக்கு."

"பாலைவனத்திலே ஐஸ்!"

"பழம் ஏத்திண்டு வர ரயில் அங்கே நிக்கும். பழம் கெடாம இருக்க வண்டிக்கு ஐஸ் போடணும். ஆனா போன வருஷம் ஆரம்பத்திலேர்ந்து அஞ்சு மாசம் போல ரயிலே வரல்லே."

"ஏன்?"

"வெள்ளம் வந்து தண்டவாளத்தை அடிச்சுண்டு போயிடுத்து."

கதவுக்குப் பின்னாலிருந்து ஜெயலக்ஷ்மி களுக்கென்று சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. பாகீரதி மாமி தம்பியின் முழங்கையைக் கிள்ளினாள். அவன் ஏன் கிள்ளுகிறாள் என்று புரியாமல் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். எனக்கோ தலை சுற்றியது. புல்வெளி என்று பெயர், பார்த்தால் பாலைவனம், அதிலே ஐஸ், அதன் மேல் வெள்ளம். இவன் நம்மைக் கேலி செய்கிறானா, அல்லது வெயில் இவன் மூளையைக் கலக்கிவிட்டதா?

இவர் மட்டும் விடவில்லை. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "பொழுது போக என்ன பண்ணுவா? சீட்டு கீட்டு உண்டோ?" என்றார்.

"இருந்தது மாமா. போன அக்டோபர்லேர்ந்து மாகாணம் பூரா சூதாட்டத்துக்குத் தடை. கடுமையான சட்டம். நாலு பேர் குடிக்கப் போனா, யார் காசு கொடுக்கறதுன்னு நாணயத்தைச் சுண்டிப் பார்க்கறது அந்தப் பக்கத்து வழக்கம். அதுகூடக் குத்தம்."

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நாணயம் சுண்டினால் குற்றமாகிற ஓர் ஊர் இந்த உலகத்தில் இருக்கிறதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தால் நான் எப்படி இருந்திருப்பேன் என்று நினைத்தேன். அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவனுக்குத்தான் என் பெண் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

மறுநாள் இவர் ஆபீஸிலிருந்து ஒரு பெரிய பூகோளப் படப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்தார். கூடத்தில் விரித்துப் போட்டு, "நாகு, இங்கே வா. உன் மாப்பிள்ளையோட யோக்யதையைப் பாரு" என்றார்.

நெவாடா என்கிற இடத்தில் விரலால் தடவிக் காட்டினார். லாஸ் வேகாஸ் இல்லை. பிறகு வெகு தூரம் தள்ளி நியூ மெக்சிகோ என்கிற இடத்துக்கு விரலை இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்தது, அதே பெயரில். மலையடிவாரம், பக்கத்தில் ஆறு.

"பேர் மட்டும் எங்கேயோ கேட்டிருக்கான். மத்ததெல்லாம் புளுகு. ஐஸாம், வெள்ளமாம்!"

எனக்குப் பகீரென்றது. பாலைவனம் பொய் என்றால் சட்டமும் பொய். சட்டம் பொய் என்றால் இவனும் ஒரு மொட்டைமாடியை அண்ணாந்து பார்க்கிற ஆளாக இருக்கலாம். ஜெயலக்ஷ்மி வந்து புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

"அப்பா, இது அச்சாகிப் பதிமூணு வருஷமாச்சு. அந்த ஊர் பொறந்தே ஆறு வருஷந்தானே?"

"ஒரே தேசத்திலே ஒரே பேர்லே ரெண்டு ஊரா? யாராவது வைப்பாளா?"

"ஏன், நம்ம பக்கத்திலே எத்தனை புதுக்குடி இருக்கு?" என்றாள் அவள். பிறகு என்னிடம் தனியாக வந்து, "பொய் சொல்றவா இத்தனை மோசமாச் சொல்ல மாட்டாம்மா. நம்பற மாதிரி சொல்லுவா" என்றாள்.

அதுவும் சரியாகப் பட்டது. இவர் சொன்னதும் சரியாகப் பட்டது. இரண்டு நாள் நான் உப்பில்லாத சாம்பாரும் இரண்டு தடவை உப்புப் போட்ட ரசமும் வைத்தேன். மூன்றாம் நாள் இவர்தான் வழி சொன்னார். நம் புத்தி எட்டாத இடத்தில் சுவாமி இருக்கிறாரே, பூக்கட்டிப் பார்த்துவிடலாம். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

எங்கள் குடும்பத்தில் காலம் காலமாக உள்ள பழக்கந்தான். என் கல்யாணமும் அப்படித்தான் நிச்சயமாயிற்று. வெள்ளை வந்ததாகச் சொன்னார்கள். ஆகவே நான் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பாகீரதி மாமி தம்பியோடு வந்தாள். பொட்டலத்தை எடுக்கச் சின்னக் குழந்தை ஏதும் வீட்டில் இல்லாததால் மாமியே எடுப்பது என்று ஏற்பாடு. மஹாதேவன் ரேழியில் நின்றான். இவர் நந்தியாவட்டையை ஓர் இலையிலும் செவ்வரளியை இன்னோர் இலையிலும் மடித்து, நாரால் கட்டி, சுவாமிமலை முருகன் படத்தின் முன் வைத்தார். வைத்த பிறகும் இரண்டு தடவை தள்ளித் தள்ளி வைத்தார். பெண்ணைப் பெற்றவருக்குப் பதற்றம் இருக்காதா என்று எனக்கு அவர்மேல் ஒரு பரிவு கூட வந்தது.

மாமி ஸ்லோகம் சொல்லிக்கொண்டே இருந்தாள். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மாமி, சீக்கிரம் எடுங்கோ. பத்து அடிக்கப் போறது."

"ராகு காலம் பத்தரைக்குத்தானே?" என்றேன்.

"அதுக்கில்லே. பத்துக்கு மேலே எடுத்தா செல்லாது."

செல்லாது! இருபது வருஷமாக மழைக்காலத்தில் என் காதில் விழுகிற வார்த்தை. நேரம் தாண்டிப் பெய்த மழையைத்தான் இவர் அப்படிச் சொல்வார்.

"ஏன்னா, யாருக்குச் செல்லாது?"

அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"எந்தப் பூமேலே கட்டியிருக்கேள்?"

"சும்மா ஒரு வேடிக்கை. ஆபீஸ்லே நடராஜன் வெள்ளைன்னான். நான் சிவப்புன்னேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகச் சொன்னார்: "யோசிச்சுப் பாரு நாகு. வெள்ளை வந்தா பொண்ணுக்குக் கல்யாணம். சிவப்பு வந்தா பந்தயம் நமக்கு. எப்படி விழுந்தாலும் நமக்கு நஷ்டமில்லே."

பெற்ற பெண்ணுக்கு எதிராகப் பந்தயம் கட்டிவிட்டு அதை எனக்கு நியாயமாக விளக்குகிறார்! எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பாகீரதி மாமியின் கை பொட்டலத்துக்கும் மடிக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது.

"அக்கா, எடுக்காதே" என்றான் மஹாதேவன். உள்ளே வந்துவிட்டிருந்தான்.

"சுவாமி முன்னாடி வச்சதை எடுக்காதேங்கறியேடா!"

"சுவாமியை நான் ஒண்ணும் சொல்லலே. இப்படி வர கல்யாணம் எனக்கு வேண்டாம். வெள்ளையா இருந்தாலும் வேண்டாம்." என் பக்கம் திரும்பினான். "மாமி, அவாளைக் கேளுங்கோ. இஷ்டமில்லேன்னா நான் போயிடறேன்."

அவாளை என்றால் யாரை என்று எனக்கு உடனே விளங்கவில்லை. என்னையா, இவரையா? அப்புறந்தான் புரிந்தது. இத்தனை நாள் பூகோளப் புத்தகத்தைக் கேட்டோம், முருகனைக் கேட்டோம். ஜெயலக்ஷ்மியை ஒருவரும் கேட்கவில்லை. பெற்றவள் நானே கேட்கவில்லை.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "நாணயம் சுண்டினா நிஜமாவே பிடிச்சுண்டு போவாளா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நான் அங்கே இருந்தவரைக்கும் யாரையும் பிடிச்சுப் பார்க்கலே. ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு."

புளுகுகிறவன் ஜெயிலே நிரம்பி வழிந்தது என்றல்லவா சொல்லியிருப்பான்! என் மனதிலிருந்த குழப்பம் அந்த ஒரு பதிலில் தீர்ந்தது. ஊர் எங்கே வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், ஆள் பொய்யன் இல்லை.

"ஆமார் மத் ஆச்சே" என்றாள் ஜெயலக்ஷ்மி. பிறகு அவளே தமிழில், "எனக்குச் சம்மதம்" என்றாள்.

கடிகாரம் பத்து அடித்தது. நான் இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு போய் ஆதிகங்கைக் கால்வாயில் போட்டுவிட்டு வந்தேன். மாமி எந்தப் பொட்டலத்துக்குக் கை நீட்டினாள் என்று கேட்டு இவர் ஒரு வாரம் என் பின்னாலேயே அலைந்தார்.

ஆவணியில் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு அடித்தது. மாப்பிள்ளை கையில் பெண்ணின் கையை வைத்து, அதன் மேல் நான் தண்ணீரை வார்த்தேன். சாஸ்திரிகள் சொன்ன மந்திரத்தை இவரும் திருப்பிச் சொன்னார். சொல்லும்போதே குரல் மங்கியது. பெண்ணைத் தாரை வார்க்கிற துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் அவர் கண் ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு மொட்டைமாடிக் குழாயின் மேல் இருந்தது. என் கைத் தண்ணீர் ஒரு கணம் தடுமாறியது. ஜெயலக்ஷ்மியும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் புருஷன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் நான் மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துக் கேட்டேன்: "அந்த ஊர்லே இனிமே என்னிக்குமே சூதாட்டம் தலைகாட்டாதோன்னோ?"

"எப்படி வரும் மாமி? அதான் சட்டம் போட்டாச்சே" என்றார், ஒரு சந்தேகமும் இல்லாமல்.

எதிர்வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்திருந்தது. இவர் தாழ்வாரத்தில் நின்று அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரிலும் சட்டம் இருக்கத்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.