காவல்காரனின் விளக்கு

வெண்டல் ப்ரௌட்டிக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தது. முந்நூறுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஆனை நுழைந்துவிட்டது, வால் மாட்டிக்கொண்டது. எங்கள் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் இது துப்புரவு பண்ணுகிறவர்வரை எல்லோருக்கும் தெரியும். யாரும் வேவு பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

விளையாட்டின் பெயர் குவாரி. படம் கிடையாது, சத்தம் கிடையாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தட்டச்சு மெஷின் மாதிரி இருக்கிற டெர்மினல் காகிதத்தில் நாலு வரி அடித்துச் சொல்லும். நீங்கள் இரண்டு சொல்லில் பதில் அடிக்க வேண்டும்: வடக்கே போ, கயிற்றை எடு, இந்த மாதிரி. மூடிப்போன ஒரு கல்குவாரியின் வாயிலில், காவல்காரனின் குடிசையில் கதை தொடங்கும். காவல்காரன் ஊருக்குள் போயிருக்கிறான், சாயங்காலம் திரும்பிவிடுவான். ஆணியில் ஒரு விளக்கு தொங்குகிறது. அதை எடுத்துக்கொண்டு பூமிக்குள் இறங்கி, பதினைந்து புதையல்களைத் தேடிக் கொண்டுவந்து குடிசையில் வைக்க வேண்டும். வெண்டல் பதினைந்தையும் வைத்துவிட்டான். அப்புறமும் ஒன்று குறைந்தது.

மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரைதான் விளையாடலாம் என்பது எங்கள் மேலாளர் மிஸ்டர் லிண்ட்குவிஸ்ட் போட்ட சட்டம். இன்னொரு சட்டத்தை யாரும் போடவில்லை, ஆனாலும் அதைத்தான் எல்லோரும் மதித்தார்கள். புரோகிராமைப் பிரித்துப் படித்து விடை கண்டுபிடிக்கக் கூடாது. கேட்காமல் யாருக்கும் துப்புக் கொடுக்கவும் கூடாது. வெண்டலா, செத்தாலும் கேட்க மாட்டான்.

நான் கோரின் ஹாஃப்னர். கீழ்த்தளத்தில் டேப் அறை என் பொறுப்பு. கம்ப்யூட்டர் தகவல் பதிந்த நாலாயிரம் டேப், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் அலமாரியில் ஒரு இடம். எடுத்த டேப்பை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதைத் தவிர நான் இந்த உலகத்தில் யாரிடமும் வேறெதுவும் கேட்டதில்லை. மற்றவர்கள் வைத்தார்கள். வெண்டல் எடுத்த டேப்புகளை நான் காபி மெஷின் மேலே கண்டெடுத்திருக்கிறேன், ஜன்னலடியில் சூடாகிற ரேடியேட்டர் மேலே கண்டெடுத்திருக்கிறேன், ஒரு ஜூலை மாதம் அவன் காரின் பின்சீட்டில் கண்டெடுத்திருக்கிறேன். ஆறு வருஷம் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

குவாரி வந்த புதிதில் நானும் எட்டிப் பார்த்தேன். அப்போது அவன் ரொம்ப மரியாதையாக, இதற்குக் கொஞ்சம் தர்க்க புத்தி வேண்டும், உனக்கு அலுத்துப்போகும் கோரின் என்றான். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் என் அறை டெர்மினலில், ஒரு கையில் வேர்க்கடலை வெண்ணெய் சாண்ட்விச்சும் ஒரு கையில் பென்சிலுமாக உட்கார்ந்தேன். கீழ்த்தளத்துக்கு யார் வரப்போகிறார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு முந்நூறு விழுந்தது. காகிதத்தைக் கிழித்து, மடித்து, மேசை இழுப்பறையில் நாப்கின்களுக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை, வெண்டல் இன்னும் எத்தனை நாள் முட்டிக்கொள்வான் என்று பார்க்க ஆசை.

அன்று சாயங்காலமே லிண்ட்குவிஸ்ட் ஒரு தாள் ஒட்டினார். மாணவர் பதிவுக்கு டிஸ்க்கில் இடம் போதவில்லை, வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு விளையாட்டு அழிக்கப்படும். வெண்டலின் முகம் தொங்கிப்போனது. புதனும் வியாழனும் அவன் செய்யாத கோமாளித்தனம் இல்லை. பாறையிடம் பேசினான். ஏரித் தண்ணீரைக் குடித்தான். வௌவாலுக்கு முத்துமாலை போட்டான். பள்ளத்தில் வேண்டுமென்றே பதினொரு தடவை குதித்துச் செத்தான். ஒவ்வொரு தடவையும் டெர்மினல், உங்கள் எலும்புகள் முறிந்துவிட்டன என்று சலிக்காமல் அடித்துக் கொடுத்தது. மாடிக்கு ஏதாவது ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டு போய் நான் அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடித்ததும் அவன் கீழே வந்தான். மேலே எல்லோரும் சுற்றி நின்று யோசனை சொல்கிறார்கள், இங்கே விளையாடட்டுமா என்றான். என் நாற்காலியைக் கொடுத்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கொண்டுவந்த முட்டை சாண்ட்விச்சை அவன் பிரிக்கக்கூட இல்லை. அரை மணி நேரத்தில் பதினைந்தையும் மறுபடி குடிசையில் சேர்த்து, என்னென்னவோ அடித்துப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"ஒரு விளையாட்டுதானே, வெண்டல்" என்றேன்.

"என் ஆராய்ச்சிக் கட்டுரையில ஒரு அத்தியாயம் பாக்கி, தெரியுமில்ல. ஒன்பது வருஷமா. வீட்டுச் சமையலறையில ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் அடிக்கல. இதையாவது முழுசா முடிச்சுடலாம்னு பாத்தேன், கோரின்."

எனக்கு என்னமோ போலாகிவிட்டது. மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். அதற்காக வாய்விட்டுச் சொல்லிவிட முடியுமா? சொன்னால் அது அவன் முடித்ததாகாது. அவனே என்னை மன்னிக்க மாட்டான். மணி பன்னிரண்டே முக்கால் ஆகப்போகிறது.

"என்னோட நாலு டேப் உங்கிட்ட இருக்கு" என்றேன்.

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை இருக்கிறதே, வீடு பற்றி எரியும்போது விறகு விலை கேட்டவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இப்பவா?"

"இப்பவேதான். கொண்டாந்து எடத்துல வை. அதுவரைக்கும் இந்த டெர்மினல் உனக்குக் கிடையாது."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மாடியேறினான். அவன் திரும்பி வருகிற ஆறு நிமிஷமும் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நகத்தைக்கூடக் கடித்தேன் என்று நினைக்கிறேன். நாலு டேப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றான். மேசைமேல் போடப் போனவனைத் தடுத்து, அலமாரியைக் காட்டினேன். எண் பார்த்து வை என்றேன்.

முதல் டேப்பை வைத்தான். இரண்டாவதற்கு வரிசை தெரியாமல் தடுமாறினான். ஆறு வருஷமாக எடுக்கத் தெரிந்தவனுக்கு வைக்க வழி தெரியவில்லை, பாருங்கள். டேப்பின் வளையத்தில் இருக்கிற கொக்கியை அலமாரிக் கம்பியில் மாட்ட வேண்டும், அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது டேப்பை மாட்டினான். அது கம்பியில் லேசாக ஆடி நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த விளக்கு" என்றான் மெல்ல. "அது என்னோடது இல்ல."

நான் அலமாரித் தூசியைத் துடைத்தேன்.

ஓடினான். உட்கார்ந்து, கையிலிருந்ததை மடியில் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தான்: விளக்கை மாட்டு.

டெர்மினல் கொஞ்சம் யோசித்தது. பிறகு தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. விளக்கு பழையபடி ஆணியில் தொங்குகிறது. காவல்காரன் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவான். முந்நூறுக்கு முந்நூறு. வெண்டல் இரண்டு கையாலும் மேசையைக் குத்தினான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் டெர்மினல் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு வரி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் காகிதத்திலும் அது இருந்தது, அதில் வேறு மாதிரி. இந்தக் கம்ப்யூட்டரில் முழு மதிப்பெண் எடுத்த இரண்டாவது ஆள் நீங்கள், முதலாமவர் கோ. ஹாஃப்னர், செவ்வாய், பகல் 12.38.

அவன் அந்த வரியைப் படித்தான். காகிதத்தைக் கிட்டத்தில் இழுத்து மறுபடியும் படித்தான். பிறகு நாற்காலியோடு என் பக்கம் திரும்பினான்.

"செவ்வாய்க்கிழமையேவா?"

"ஆமா."

"மூணு நாளா எங்கிட்ட சொல்லாம இருந்திருக்க?"

"ஆறு வருஷமா சொல்லிக்கிட்டுதானே இருக்கேன், வெண்டல்."

அவன் காது வரை சிவந்துபோனான். அந்த முகத்தைத்தான் நான் பார்க்க விரும்பினேன், பார்த்துவிட்டேன். சரியாக ஒரு மணிக்கு மேலே லிண்ட்குவிஸ்ட் குவாரியை அழித்தார். கீழே டெர்மினல் ஒரு முறை கிரீச்சிட்டு அடங்கியது. வெண்டல் காகிதத்தைப் பத்திரமாகக் கிழித்துச் சுருட்டினான். என் பெயர் இருக்கிற வரியையும் சேர்த்துத்தான் கிழித்தான். உனக்கு அலுத்துப்போகும் என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டான். பிரிக்காத சாண்ட்விச்சை என்னிடம் கொடுத்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே மாடிப்படி ஏறினான்.

நான் உட்காரப் போனேன். நாலாவது டேப் என் நாற்காலியில் கிடந்தது.