எழுபத்திரண்டு மணி நேரமும் ஒரு பச்சைப் பொத்தானும்

வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றில் வெயிலை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலையைக் கட்டி முடித்திருந்தது கம்பெனி. விளம்பரத் தாளில் அதற்குப் பெயர் ‘மனிதகுலத்துக்கு ஒரு வாக்குறுதி’. அங்கே வேலை பார்த்தவர்கள் ‘பிளான்ட்’ என்றார்கள்.

சோதனை ஓட்டத்துக்குப் பொறுப்பான இன்ஜினியருக்கு மனிதகுலத்தில் அப்போது ஒருத்தியைப் பற்றி மட்டுமே கவலை. ஊரில் மனைவிக்குப் பித்தப்பையில் கல். இவர் போக முடியாமல் ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது தேதி வெள்ளிக்கிழமை. பகலில் வெயிலிலும் இரவில் பேட்டரியிலுமாக ஆலை எழுபத்திரண்டு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வியாழன் காலை விமானம் ஏறலாம். நடுவில் நின்றால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. அடுத்த விமானம் ஞாயிறு.

செவ்வாய் மாலை, ஐம்பதாவது மணியில், தலைமை அலுவலகத்து விளம்பர மேலாளர் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்து, தோசைக்கல் அகலத்தில் ஒரு பச்சைப் பொத்தானை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“நாளைக்கு நாலு மணிக்கு சேர்மன் இதை அமுக்குவார். பிளான்ட் ஓட ஆரம்பிக்கும்.”

“அது ரெண்டு நாளா ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு.”

“அப்ப மூணு மணிக்கு நிறுத்திடுங்க.”

“நாலேகாலுக்கு டெஸ்ட் முடியுது சார். விழாவை நாலரைக்கு வச்சுக்கிட்டா...”

“அழைப்பிதழ் அடிச்சாச்சு.”

அச்சடித்ததை மாற்ற முடியாது என்பது அந்தக் கம்பெனியில் புவியீர்ப்புக்கு அடுத்த விதி.

“நிறுத்தினா குழாயெல்லாம் நைட்ரஜன் விட்டுச் சுத்தம் பண்ணித்தான் மறுபடி ஓட்டணும். அரை நாள் ஆகும். இது டியூப்லைட் இல்ல சார்.”

“அமுக்கினா ஏதாவது நடக்கணும் தம்பி. சேர்மன் சும்மா கை வலிக்கவா அமுக்குவார்?”

அன்று இரவு இன்ஜினியர் மனைவிக்குப் போன் போட்டார்.

“இந்தத் தடவையாவது வருவீங்களா? இல்ல, கல்லுக்குப் பேரு வச்சுடட்டுமா?”

பொத்தான் கதையைச் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“எங்க ஆபீஸ் லிஃப்ட்ல கதவு மூடற பட்டனை எல்லாரும் போட்டுக் குத்துவாங்க. கதவு அதுபாட்டுக்கு மூடும். குத்தினவங்களுக்கு ஒரு திருப்தி, அவ்ளோதான். உங்க சேர்மனுக்கும் ஒரு திருப்தியைக் குடுங்களேன்.”

காலையில் இன்ஜினியர் மேலாளரிடம் போனார். குளிரூட்டும் பகுதியில் அவசரத்துக்கென்று சும்மா நிற்கும் ஃபேன் ஒன்று இருந்தது.

“பட்டனை அதோட இணைச்சுடறேன் சார்.”

“எவ்ளோ பெருசு?”

“பன்னிரண்டு அடி.”

“சத்தம் வருமா?”

“நல்லா வரும்.”

“அப்ப அதுதான் பிளான்ட்,” என்றார் மேலாளர்.

நாலு மணிக்குச் சேர்மன் பேச ஆரம்பித்தார். பூமி சூடாவதில் தொடங்கி, தம் பால்யத்தைத் தொட்டு, இன்னும் பிறக்காத தலைமுறைகளுக்கு ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தார். கடைசி வரிசையில் நின்ற இன்ஜினியர் கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலேகாலுக்கு அதில் எழுபத்திரண்டு விழுந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டார். முகம் தானாக மலர்ந்தது. சேர்மன் அப்போது மூன்றாம் தலைமுறையில் இருந்தார்.

நாலேமுக்காலுக்குப் பொத்தானை அமுக்கினார். ஃபேன் உறுமிச் சுழன்றது. கைதட்டல். அந்தக் காற்றில் உரைத்தாள்கள் பறக்க, அவற்றைப் பிடிக்கப் பாய்ந்த சேர்மனின் முழங்கை மறுபடி பொத்தானில் பட்டது. மனிதகுலத்துக்கான வாக்குறுதி நின்றது. கைதட்டலும் நின்றது. மேலாளர் ஓடிப்போய் இன்னொரு முறை அமுக்கினார். பின்னால் பிளான்ட் யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளி மாலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மனைவி அவர் போனை வாங்கிப் பார்த்தாள். கம்பெனி அனுப்பிய விழாப் படம். நடுவில் சேர்மன் இல்லை. வாயெல்லாம் பல்லாக இவர். கீழே, ‘பசுமை ஆற்றலின் ஆனந்தம்’.

“நம்ம கல்யாண போட்டோல கூட நீங்க இப்படிச் சிரிக்கலையே.”

“அது உனக்காகச் சிரிச்சதுதான். டிக்கெட் உறுதியான நிமிஷம்.”

“சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது.”

“அதனாலதான் ஃபேன் நின்ன கதையை இன்னும் சொல்லல. தையல் பிரிக்கட்டும்.”